இருப்பதைக் கொண்டு ஒரு பழக் காப்ளர்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க ஒரு பேரரசின் படை எட்டு வருடம் வெயிலில் காய்ந்தது என்று சரித்திரம் சொல்கிறது. பாவம், அவர்களிடம் முறையான பயிற்சிக் கையேடு இல்லை. அதே செஞ்சியின் பனந்தோப்புத் தெருவை, ஒரு புதன்கிழமை காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரைக்குள், ஒரே ஒரு கரண்டியோடு வந்து முழுமையாக வென்று காட்டியது ‘வட்டார இல்லச் சுவை மேம்பாட்டு அலகு’. ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. சிந்தியது கொஞ்சம் கொய்யாச் சாறு. அதுவும் அதிகாரியின் சட்டையில்.

தோற்ற தரப்புக்குத் தலைமை தாங்கியவள் கலைவாணி, பனந்தோப்புத் தெரு மகளிர் குழுவின் தலைவி. ரவிக்கை தைப்பது அவள் தொழில். மனு எழுதுவது போகப் போகக் கைவந்தது. அவள் எழுதிய மனுக்கள் எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: வாரத்தில் ஒரு நாளாவது தெருவிலேயே ரேஷன் போட வேண்டும். இருக்கிற கடை ஊரின் மறுகோடியில், நாலு கிலோமீட்டர் தள்ளி. மூட்டையோடு பஸ் ஏறலாமென்றால், அமாவாசை நெருங்கியதும் வருகிற பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயில் ‘ஸ்பெஷல்’ ஆகிவிடும். ஆளே படியில் தொங்கும்போது இருபது கிலோ அரிசிக்கு யார் இடம் விடுவார்கள்? தலையில் சுமந்துதான் நடப்பது. போன கார்த்திகை மழையில் எதிர்வீட்டுப் பூவாயி மூட்டையோடு வழுக்கி விழுந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள். அரிசி நனைந்ததுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த மனுக்கள் சுவை மேம்பாட்டு அலகுக்கு ஏன் போயின என்று கேட்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று அர்த்தம். ரேஷன் என்றால் உணவு. உணவு என்றால் சுவை. சுவை என்றால் அந்த அலகு. மேலிடம் இப்படிச் சிந்தித்து, ஒவ்வொன்றாக அங்கே அனுப்பிவைத்திருந்தது.

அலகின் ஒருங்கிணைப்பாளர் பாண்டுரங்கன் தங்கமான மனிதர். கேட்டவருக்கு இல்லை என்று சொன்னதே கிடையாது. உண்டு என்று சொன்னதும் கிடையாது.

“உங்க மனு பரிசீலனையில இருக்குதும்மா” என்றார், அலுவலகத்துக்குக் கேட்டு வந்த கலைவாணியிடம்.

“எங்க சார் இருக்குது?”

“அந்த பீரோவுல.”

கலைவாணி பீரோவைப் பார்த்தாள். அதன் மேல் இன்னொரு பீரோ படுத்திருந்தது.

“ஒரு பயிற்சி வருது. உங்க குழு நல்லா ஒத்துழைச்சா, களஆய்வுக்கு நானே உங்க தெருவுக்கு வருவேன். வந்த கையோட மனுவையும் ஒரு பார்வை பாத்துடலாம்.”

“இன்னா பயிற்சி சார்?”

“பழக் காப்ளர்.”

சுற்றறிக்கையின் தலைப்பில் ‘எளிய இல்லப் பழச் செருப்புத் தைப்பாளர் பயிற்சி’ என்று அச்சாகியிருந்தது. ஆங்கிலத்தில் செருப்பு தைப்பவரும் காப்ளர்தான், மேலே மாவு போட்டு வேகவைத்த பழமும் காப்ளர்தான். மொழிபெயர்த்தவர் அகராதியை நம்பிவிட்டார். பாண்டுரங்கன் பேனாவால் ஓர் அடி அடித்துச் சரிசெய்துவிட்டு, திட்டத்தின் ஆழ்ந்த நோக்கத்தை விளக்கினார். கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை வந்துவிட்டது. இனி உலகமே செஞ்சிக்கு வரும்.

“ஒரு வெள்ளக்காரர் ராஜகிரி மலை ஏறி இறங்கி, மூச்சு வாங்கிக்கிட்டு உங்க வூட்டு வாசல்ல வந்து காப்ளர் கேக்கறாரு. இன்னா குடுப்பீங்க?”

“தண்ணி குடுப்போம் சார்.”

அந்தப் பதிலில் தெரிந்த பின்தங்கிய நிலையைக் கண்டு பாண்டுரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பயிற்சி சமுதாயக் கூடத்தில் நடந்தது. மேடையில் ‘இருப்பதே போதும்!’ என்று பெரிய பேனர். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் சுவாதி, அன்பான பெண். குழுவின் பன்னிரண்டு பேரையும் ‘சூப்பர் அம்மாஸ்’ என்று அழைத்தாள்.

“இதுக்காக நீங்க கடைக்கே போக வேணாம். உங்க பேன்ட்ரியில ஏற்கெனவே இருக்கறதை எடுத்தா போதும். பட்டர், பேக்கிங் பவுடர், பட்டைப் பொடி, ஒரு டின் பீச் பழம்...”

“பேன்ட்ரின்னா ரயில்ல டீ போடுவாங்களே, அதுவாம்மா?” என்று பூவாயி எழுந்து கேட்டாள்.

“வீட்லயும் இருக்கும்மா. பொருள் ஸ்டாக் வைக்கிற ரூம்.”

“எங்க ஊருக்கு ரயிலே வரல. பேன்ட்ரி மட்டும் எப்பிடி வரும்?”

சுவாதி இதையும் ‘பயனாளிகளின் ஆர்வம்’ என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டாள். டின் பழம் இல்லாவிட்டால் கோட்டை மலையில் சும்மா விளைகிற சீத்தாப்பழத்தைப் போடலாம் என்றாள். சீத்தாப்பழத்தை அடுப்பில் வைத்தால் கசந்துபோகும் என்று குழுவிலிருந்த ராஜம்மாள் சொன்னாள். கையேட்டில் அப்படி எதுவும் இல்லாததால் அந்தக் கருத்து ஏற்கப்படவில்லை.

முடிவில் விதி வாசிக்கப்பட்டது. அடுத்த புதன்கிழமை தலைவியின் வீட்டில் காப்ளர் தயாராக இருக்க வேண்டும். எல்லாப் பொருளும் அந்த வீட்டிலேயே இருந்ததாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கியது தெரிந்தால் குழு ‘தகுதியற்றது’.

கலைவாணி வீட்டுக்கு வந்து அடுக்களையில் நின்று, இருப்பதைப் பார்த்தாள். அரிசி இருந்தது. துவரம்பருப்பு கால் டப்பா. புளி. இந்த மூன்றையும் கொண்டு எந்தக் காப்ளரும் ஆகாது என்பது பயிற்சி பெற்ற கண்ணுக்கு உடனே தெரிந்தது.

“வுட்டுடு. நமக்கு இதெல்லாம் தோதுப்படாது” என்றாள் பூவாயி.

“அவரு தெருவுக்குள்ள ஒரு தடவ கால் வெச்சா போதும்க்கா. நீ வுழுந்த எடத்தக் காட்டிடுவேன்.”

பூவாயி எதிரே தன் வீட்டுக்கு நடந்தாள். உள்ளே போய், டீக்கு வைத்திருந்த ரேஷன் சர்க்கரையை டம்ளரோடு கொண்டுவந்து வைத்தாள். ராஜம்மாள், சர்க்கரை வியாதிக்காரக் கணவனின் சப்பாத்திக்கென அரைத்து வைத்திருந்த கோதுமை மாவை வழித்துக் கொடுத்தாள். ஒருத்தி குழந்தையின் பாலில் ஒரு டம்ளர். இன்னொருத்தி தீபாவளிக்கென்று மறைத்து வைத்திருந்த நெய் பாட்டிலின் அடித்தங்கல். ஆப்பசோடா ஒரு வீடு, ஏலக்காய் இரண்டு ஒரு வீடு. கொய்யா, பூவாயியின் தோட்டத்து மரத்தில். பன்னிரண்டு அடுக்களைகளைக் கவிழ்த்துத் தட்டியதில் ஒரு அடுக்களை நிறைந்தது. புதன்கிழமை காலை மூன்று வீடுகளில் டீ இல்லை. ராஜம்மாளின் கணவர் சோறு தின்றுவிட்டு, டாக்டரிடம் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கலைவாணி கொய்யாவை விதை நீக்கி நறுக்கி, சர்க்கரையில் சுருளச் சுருளக் கிளறினாள். மாவை நெய்யும் பாலும் விட்டுப் பிசிறி மேலே கொத்துக் கொத்தாக வைத்தாள். ஓவனுக்குப் பதிலாகப் பெரிய குண்டானில் மணல் பரப்பி, அதற்குள் கிண்ணத்தை இறக்கி மூடி, மூடியின் மேல் கங்கு அள்ளிப் போட்டாள். அரைமணியில் தெருமுனை வரை மணத்தது. அவளுக்கே ஆச்சரியம். ரவிக்கைக்குக் கழுத்து சரியாக அமைந்துவிட்டால் வருகிற அதே சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் மனுவைக்கூட மறந்து நின்றாள்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. பாண்டுரங்கன் முதலில் காப்ளரை நான்கு கோணத்தில் படமெடுத்தார். பிறகு கலைவாணியைக் காப்ளரோடு. பிறகு தன்னைக் காப்ளரோடு. கடைசியில் படிவத்தை எடுத்தார்.

“கோதுமை மாவு?”

“வூட்டுல இருந்துது சார்.”

“சர்க்கரை?”

“இருந்துது சார்.”

“பால்? நெய்?”

“எல்லாம் இருந்துது சார்.”

“சார், அந்த நெய்யி...” என்று பூவாயி ஆரம்பித்தாள். கலைவாணி பின்பக்கமாகக் கைவிட்டு அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“நெய்யி ரொம்ப நாளா இருக்குதுன்னு சொல்ல வந்துச்சு சார்.”

பாண்டுரங்கன் மகிழ்ந்து ஒவ்வொரு கட்டத்திலும் டிக் அடித்தார். பிறகு சாப்பிட்டார். டிரைவர் சாப்பிட்டார். பாண்டுரங்கன் ‘தர உறுதிக்காக’ மறுபடியும் சாப்பிட்டார்.

“மனு சார்... அக்கா வுழுந்த எடம் இங்க பக்கத்துலதான்...”

வாய் நிறைய இருந்ததால் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கலைவாணிக்கு நெஞ்சு நிறைந்தது. ஜீப் போன பிறகு பூவாயி கிண்ணத்தின் ஓரத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

“நல்லாத்தான் இருந்திருக்கும் போலருக்குது” என்றாள்.

மூன்று வாரம் கழித்து, ஓர் அமாவாசையன்று பதில் வந்தது. அலகு ஒரு மனுவுக்குப் பதில் போடுவது அதுவே முதல்முறை என்பதால் இந்த நாளைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். கலைவாணி அரிசியைச் சுமந்து நடந்தே வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குழுவின் முன்னால் உரக்கப் படித்தாள்:

‘மேற்படி தெருவில் நேரடிக் களஆய்வு மேற்கொள்ளப்பட்டதில், மனுதாரரின் இல்லத்தில் கோதுமை மாவு, சர்க்கரை, பால், நெய், பழம் ஆகியவை ஒரே சமயத்தில் கையிருப்பில் இருந்ததும், அவை அன்றாடத் தேவைக்குப் போக எஞ்சி அயல்நாட்டு இனிப்பு தயாரிக்கும் அளவுக்கு உபரியாக இருந்ததும் புகைப்பட ஆதாரத்துடன் உறுதியாகிறது. எனவே நியாயவிலைக் கடைக்கான அவசியம் எழவில்லை எனத் தெரிவித்து மனு முடித்துவைக்கப்படுகிறது. இணைப்பு: பாராட்டுச் சான்றிதழ்.’

பூவாயி சான்றிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒருவரும் தன்னைக் குறை சொல்லாததுதான் கலைவாணிக்குத் தாங்கவில்லை.

“என்னத் திட்டுக்கா” என்றாள்.

“திட்டி இன்னா ஆவப் போவுது? நான் வாயத் தொறந்தேன், நீ கிள்ளிட்ட. நல்லதுக்குத்தான் கிள்ளுன.”

மறுநாள் காலை கலைவாணி அலகுக்குப் போனாள். பாண்டுரங்கன் எழுந்து நின்று வரவேற்றார். காப்ளர் மாவட்ட அளவில் பேசப்படுகிறதாம். அவருக்கே ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள். அதை மேஜையில் அவள் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

“சார், அந்தப் பொருளெல்லாம் என் வூட்டுது இல்ல. பன்னண்டு வூட்டுல தொடச்சி எடுத்தது.”

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நீங்க இருக்குதுன்னு சொன்னீங்க, நான் இருக்குதுன்னு எழுதினேன். இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இல்லன்னே எழுதியிருப்பேன்.”

கலைவாணி கேடயத்தை அவர் பக்கமே திருப்பி வைத்தாள். கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“இல்ல, இல்லன்னுதான் சார் இத்தினி வருசமா எழுதிக் குடுத்தோம். அதப் படிக்கக்கூட ஆளு வரல. இருக்குதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் ஜீப்பு வந்துது. வந்து, இருந்ததையும் தின்னுட்டுப் போச்சு.”