சக்கரபாணியின் சஸ்பென்ஷன்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கையில் சாப்பாட்டுப் பையோடு, சக்கரபாணி அலுவலகத்துக்குப் போகாமல் இருக்கப் புறப்பட்டான்.

அடையாள அட்டையை வழக்கமாக அலுவலக வாசலில்தான் கழுத்தில் மாட்டுவான். அன்று வீட்டிலேயே மாட்டிக்கொண்டான். பொய் சொல்கிறவன் ஒரு பொருளைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறான், இன்னொன்றை மறந்துவிடுகிறான். அவன் மறந்தது மூக்குக் கண்ணாடி. காரை எடுத்து நெல்லித்தோப்பைத் தாண்டிய பிறகுதான் அது தெரிந்தது. திரும்பிப் போகப் பயமாக இருந்தது. மூலக்குளம் நோக்கி ஓட்டினான்.

பதினைந்து நாள் லீவு போட்டிருந்தான். வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வழியில்லாமல் அவனே செய்துவைத்திருந்தான். ஜூன் மாதம் அவன் மனைவி கார்குழலி ஒரே ஒரு வாரம் கேட்டிருந்தாள். அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். காரைக்காலில் ஏழு நாள் பயிற்சி, அதை முடித்தால் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சராகலாம். அதுவரை ஏழு வயது மகள் துர்காவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"ஒரு வாரமா? நான் ஒருநாள் போவலன்னா அங்க ஒரு ஃபைல் நகராது, குழலி."

"நீங்க போற அன்னிக்கு மட்டும் நகருதா?"

பேச்சு அதோடு முடிந்தது. அவள் போகவில்லை.

இப்போது அவன் போட்டிருக்கும் லீவு ஆட்டோகிராஸுக்காக. கருவடிக்குப்பம் தாண்டி ஒரு பொட்டலில் வருஷத்துக்கொரு முறை நடக்கும். கார்க் கிறுக்குப் பிடித்த பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒவ்வொருவராக ஓட்டி வரவேண்டும். குறைந்த நேரத்தில் வருபவர் ஜெயித்தவர். ஒரு கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி அபராதம்.

போன வருஷம் சக்கரபாணி பதினோரு கூம்புகளைத் தட்டினான். பன்னிரண்டாவதைக் காருக்கு அடியில் இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினான். நேரம் குறித்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா. "மிசியே, போவும்போது கூம்பைக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

மூலக்குளத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ராஜாங்கம்தான் அன்று தேற்றினான்.

"உங்க மேல தப்பே இல்ல சார். சஸ்பென்ஷன் லூசு, ஸ்பிரிங்கு தொய்ஞ்சிருக்கு."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு சக்கரபாணி ஒரு வருஷம் வாழ்ந்தான். தூக்கத்தில் "கார்... கார்..." என்று முனகினான். கல்யாணமான புதிதில் அவன் அப்படி முனகியபோது தன் பெயரின் முதல் பாதி என்று கார்குழலி சந்தோஷப்பட்டிருக்கிறாள். இரண்டாவது பாதி கடைசிவரை வரவில்லை.

லீவும் லேசில் கிடைக்கவில்லை. சூப்பிரண்டு கன்னியம்மாள் மேடம் 'சொந்த வேலை' என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டார். சக்கரபாணி இருபது வருஷம் கோப்புக் குறிப்பு எழுதியவன். படித்தால் கண் கலங்குகிற மாதிரி ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்தான். உண்மையில் முதல் வாரம் வண்டியைச் சரிசெய்ய. இரண்டாவது வாரம் ஜெயித்த களைப்பை ஆற்ற.

ஷெட்டில் ராஜாங்கம் பத்து வருஷத்து வெள்ளை மாருதியின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் போட்டிருந்தான். ஒரு சுற்று வெட்டினால் வண்டி தாழும், கெட்டிப்படும், வளைவில் சாயாது என்றான்.

"சாஞ்சா டைம் போச்சு சார். சாயுதா இல்லையான்னு எப்படிப் பாக்கறது சொல்லுங்க? டயர் ஓரத்துல சாக்பீஸ்ல கோடு போடணும். வளைச்சி ஓட்டிட்டு வந்து பாக்கணும். கோடு மொத்தமா அழிஞ்சிருந்தா வண்டி சாயுது. பாதி அழிஞ்சா சரியா இருக்கு."

சாக்பீஸுக்குச் சக்கரபாணி கடைக்குப் போகவில்லை. கார்குழலியின் பள்ளிக்கூடப் பையிலிருந்து நாலைந்து எடுத்து வந்திருந்தான்.

மாலை வீட்டுக்கு வந்தபோது மூக்குக் கண்ணாடி டிவி மேல் அதன் கூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது. மொட்டை மாடிக்குப் போய் ராஜாங்கத்துக்குப் போன் போட்டான்.

"சஸ்பென்ஷன் விஷயம் வீட்டுக்குத் தெரியவே கூடாது, ராஜாங்கம்... ஆமாம்... சனிக்கிழமைக்குள்ள எப்படியாவது முடிச்சிடு. எனக்குச் சோறு எறங்கல."

திரும்பினான். கொடிக்கயிற்றுக்கு அந்தப் பக்கம், காய்ந்த துணிகளை அணைத்தபடி, கார்குழலி நின்றிருந்தாள்.

"எத்தினி நாளா?"

"என்னது?"

"சஸ்பென்ஷன்."

அவன் போனைச் சட்டைப்பையில் ஒளித்தான்.

"கை நீட்டினீங்களா?"

"எதுக்கு?"

"யார்கிட்டயாவது எதையாவது வாங்கினீங்களான்னு கேக்கறேன். கவர்மெண்ட்ல சும்மாவா ஒருத்தர சஸ்பெண்ட் பண்ணுவாங்க?"

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவன் பேசியது காரின் சஸ்பென்ஷன். அவள் கேட்டது வேலையின் சஸ்பென்ஷன். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் லீவு வெளியே வரும். லீவு வந்தால் ஜூன் மாதம் வரும். சக்கரபாணி இரண்டையும் நிறுத்துப் பார்த்தான். வேலை போனவன் என்கிற பெயர் பாதுகாப்பாகத் தோன்றியது.

"ஒரு ஃபைல் காணாமப் போச்சு" என்றான்.

"எந்த ஃபைல்?"

"அது தெரிஞ்சா அப்புறம் எப்படி அது காணாமப் போனதாவும்?"

கார்குழலி கையிலிருந்த அவன் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. தன்னைப் போல ஒரு பாவி இந்தத் தெருவிலேயே இருக்க முடியாது என்று அவன் நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு முறை காபி கிடைத்தது. மூன்றாவது முறை கிடைத்தது பை.

"சும்மாதான இருக்கீங்க. துர்காவை இஸ்கூல்ல விட்டுட்டு, அப்படியே மாவு மில்லுக்குப் போயிட்டு வந்துடுங்க. வரும்போது ரேஷன் கடையில மண்ணெண்ணெய் ஊத்துறாங்களான்னு பாருங்க. ஊத்தினா நின்னு வாங்கிக்கிட்டு வாங்க."

மில்லில் முன்னால் எட்டுப் பேர். ரேஷன் கடையில் நாற்பது பேர். ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே கால். மூன்று மணிக்கு துர்காவை அழைத்துவரவேண்டும். ஒவ்வொரு நாளும் இப்படியே ஒன்றரை மணி நேரம்தான் மிஞ்சியது. போட்டிக்கு இன்னும் ஐந்து நாள், நாலு நாள் என்று அவன் வரிசையில் நின்றே எண்ணினான்.

புதன்கிழமை எதிர்வீட்டு அஞ்சலாட்சி படியேறி வந்தாள். துக்கம் விசாரிக்க வருகிறவள் மாதிரி முந்தானையைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"மனசத் தளர உடாத தம்பி. எங்க நாத்தனா மருமவன் ஆறு மாசம் இப்பிடித்தான் வூட்ல குந்தியிருந்தான். அப்பறம் ஆந்திரா பக்கம் நம்ம ஏனாம் ஆபீசுக்குத் தூக்கிப் போட்டாங்க. அங்க எல்லாம் தெலுங்குதானாமே? இப்ப நல்லாப் பேசுறான். பொண்டாட்டிக்குத்தான் ஒண்ணும் புரியல."

சக்கரபாணி கணக்குப் போட்டான். அஞ்சலாட்சிக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தது மார்க்கெட்டுக்குப் போகும். கன்னியம்மாள் மேடம் மார்க்கெட்டில்தான் மீன் வாங்குகிறார். இல்லாத சஸ்பென்ஷன் காலாற நடந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தால் அங்கே விசாரிப்பார்கள். விசாரித்தால் உண்மையான ஒன்று பிறந்துவிடும். அப்புறம் ஏனாம். அவனுக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

வியாழக்கிழமை காலையில் அவன் வெளியே வந்தபோது கார்குழலி காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"டயர்ல என்னாங்க கோடு?"

"மாடு உரசியிருக்கும்."

"மாட்டுக்கு ஏது சாக்பீஸ்?"

"துர்கா வரைஞ்சிருப்பா."

"நான் வரையல" என்றாள் துர்கா, ஷூவை மாட்டிக்கொண்டே. "எனக்கு மஞ்ச சாக்பீஸ்தான் புடிக்கும்."

அவன் அவசரமாக வண்டியை எடுத்தான். வாசல் சரிவில் அதன் வயிறு 'கர்ர்ர்' என்று சிமெண்டைத் தேய்த்துக்கொண்டு இறங்கியது. முன்பெல்லாம் தேய்த்ததில்லை.

"வண்டி குட்டையாயிடுச்சா?" என்றாள் கார்குழலி.

"உனக்கு அப்படித் தெரியுது."

"இல்லீங்க. உங்க சஸ்பென்ஷன் கவலையில அதுவும் இளைச்சிப் போச்சி போல" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் அவனை அன்று முழுவதும் படுத்தியது.

சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் ஓட்டிப் பார்த்தான். இடது வளைவு, வலது வளைவு, மறுபடி இடது. வண்டி பெட்டி மாதிரி நேராக நின்று திரும்பியது. ராஜாங்கம் குனிந்து நாலு டயரையும் பார்த்தான். கோடுகள் சரியாகப் பாதிதான் அழிந்திருந்தன.

"முடிஞ்சது சார். இனிமே கூம்பைத் தட்டினீங்கன்னா அது நீங்கதான்."

அதைக் கேட்டு ஒரு புதிய பயம் பிடித்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், மறுநாள் காலை போட்டிக்குக் கிளம்ப ஒரு காரணத்தைத் தயார் செய்தான்.

"நாளைக்குக் காலைல என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க, குழலி."

"ஞாயித்துக்கிழமையா?"

"ரகசிய விசாரணை."

"எங்க?"

"கருவடிக்குப்பம் தாண்டி."

"அங்க ஏதுங்க ஆபீஸு? பொட்டல்தான இருக்கு."

"அதான சொல்றேன், ரகசியம்னு."

அவள் ஒரு புடவையை மடித்தாள். பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி திறந்திருப்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"எங்க கிளம்பற?"

"கன்னியம்மாள் மேடத்தைப் பாத்தேன்."

அவன் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தான். "எப்ப?"

"திங்கக்கிழமை. காலைல பத்து மணிக்கு. நீங்க கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டீங்களேன்னு, இஸ்கூல்ல பர்மிஷன் போட்டுட்டு ஆபீசுக்கு எடுத்துக்கிட்டு ஓடினேன். திரும்பக் கொண்டாந்து கூட்டுல போட்டு வெச்சேனே, பாக்கலியா? நீங்க என்னிக்குக் கூட்டுல போட்டிருக்கீங்க?"

சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

"மேடம் எழுந்து வந்து என் கையைப் புடிச்சிக்கிட்டாங்க. 'பொண்டாட்டி முன்னுக்கு வரணும்னு பதினஞ்சு நாள் லீவு போடுற ஆம்பளைய என் சர்வீசுல இப்பதாம்மா பாக்கறேன்'னாங்க. லெட்டரை எடுத்துக் காட்டினாங்க." கார்குழலி ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்கிற குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "'என் மனைவி காரைக்காலில் பயிற்சிக்குச் செல்ல இருப்பதாலும், எனது சிறு பெண்குழந்தையைக் கவனித்துக்கொள்ள என்னைத் தவிர வேறு நாதியில்லை என்பதாலும்...' நாதின்னு எழுதியிருக்கீங்க. எனக்கே தொண்டை அடைச்சிடுச்சி."

"அப்ப மாடியில நீ அழுதது?"

"சிரிப்பு வந்துடுச்சி. உங்க சட்டையில மறைச்சிக்கிட்டேன்."

"தெரிஞ்சும் எதுக்கு என்னை மண்ணெண்ணெய் க்யூவுல..."

"ஜூன் மாசத்துக்கு." பெட்டியை மூடி உட்கார்ந்து அழுத்தினாள். "அன்னிக்கே காரைக்காலுக்குப் போன் பண்ணிட்டேன். அடுத்த பேட்ச் நாளன்னிக்கு ஆரம்பம். நாளைக்கே வந்து சேந்துடணுமாம். காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும், கார்லயே கொண்டுபோய் விட்டுடுங்க."

"நாளைக்கா? குழலி, அடுத்த வாரம் வேணா..."

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம். பொய்க் காரணம் எழுதிக் குடுத்து லீவு எடுத்தா கவர்மெண்ட்ல என்ன பண்ணுவாங்க?"

அவனுக்குத் தெரியும். அப்படிப்பட்ட உத்தரவுகள் இரண்டை அவனே டைப் அடித்திருக்கிறான்.

"சஸ்பென்ஷன்" என்றான்.

"அதான், எனக்கு அந்தக் கவலைதான்."

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கடலூர் தாண்டி ஒரு பெரிய வளைவில் வண்டி துளியும் சாயாமல் திரும்பியது. நேரான சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் துர்கா பின்சீட்டில் ஓரடி எழும்பி உட்கார்ந்தாள்.

"வளையும்போது சாயவே இல்லையே" என்றாள் கார்குழலி.

அவ்வளவுதான். அவன் ஆரம்பித்துவிட்டான். ஸ்பிரிங்கை எங்கே வெட்டியது, ஏன் வெட்டியது, சாக்பீஸ் எதற்கு, போன வருஷம் எத்தனை கூம்பு. அவள் சீர்காழிவரை குறுக்கிடாமல் கேட்டாள். "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றாள். அவனுக்குக் கண் கலங்கியது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

காரைக்காலில் விடுதி வாசலில் பெட்டியை இறக்கும்போது மணி ஒன்பதே கால். ராஜாங்கம் போனில் வந்தான்.

"சார், பொட்டல் பூரா தண்ணி. கூம்பெல்லாம் மெதக்குது. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிட்டாங்க சார்!"

சந்தோஷம் தெரியாமலிருக்க, சக்கரபாணி முகத்தை ஒரு சாவு வீட்டுக்குரிய அளவில் வைத்துக்கொண்டு போனைப் பையில் போட்டான். முடிந்தவரை வைத்துக்கொண்டான். கார்குழலி அந்த முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"சாவி."

"எதுக்கு?"

"வண்டி இங்கயே நிக்கட்டும். வாட்ச்மேன்கிட்ட சொல்லிக்கறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு முடியுது, துர்காவோட வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"ஞாயித்துக்கிழமையேவா? அப்ப இப்ப நாங்க எப்படிப் போறது?"

"பஸ்ஸுல. சஸ்பென்ஷன்ல இருக்கற மனுஷன் கார்ல சுத்தினா அஞ்சலாட்சி அக்கா என்ன நெனைப்பாங்க?"

பாண்டிச்சேரி பஸ்ஸில் கடைசி வரிசைதான் கிடைத்தது. துர்காவை மடியில் வைத்துக்கொண்டான். திருக்கடையூர் வருவதற்குள் அவன் முதுகெலும்புக்கு ஒன்று திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது. அந்த பஸ்ஸில் சஸ்பென்ஷனே இல்லை.