வேலுச்சாமி இன்னும் லோட் ஆகவில்லை

இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு ‘நானே தைத்தது’ என்று சொல்லித் திரிகிற மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருபத்து நான்கு வயதில் நான் அந்த ரகம். என்ன, நான் போட்டுக்கொண்டது சட்டை இல்லை, ஓர் இணையதளத் தீம். தீம் என்பது ஆயத்த ஆடை மாதிரி. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து எழுதி விற்பனைக்கு வைத்திருப்பார். அதை வாங்கி, நம்முடைய எழுத்தையும் படத்தையும் செருகினால் தளம் தயார். (இதைச் செய்துவிட்டு ‘டிசைனர்’ என்று போர்டும் மாட்டிக்கொள்ளலாம். நான் மாட்டியிருந்தேன்.)

பாலக்காட்டில் அத்தாவுக்குப் பாத்திரக் கடை. (அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.) கடையின் மாடி அறையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெரிய மானிட்டரும் சுழலும் நாற்காலியும் வாங்கிப் போட்டு, இனிமேல் எடை போட வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். மேலே உட்கார்ந்து என்ன செய்வாய் என்று அத்தா கேட்டார். நான் உலக ட்ரெண்டுகளை விளக்கினேன். திரை முழுக்க ஒரே படம், அதன்மேல் பெரிய எழுத்து, நகர்த்தினால் பின்னணி மட்டும் மெதுவாக ஊர்ந்து வரும். எல்லாவற்றுக்கும் மேலாக ரெஸ்பான்சிவ், அதாவது கம்ப்யூட்டரில் திறந்தாலும் போனில் திறந்தாலும் அந்தந்தத் திரைக்குத் தகுந்தபடி தளம் தானே உருமாறிக்கொள்ளும்.

“தண்ணி பாத்திரத்துக்குத் தகுந்த மாதிரி நிக்குதில்லீங்க அத்தா, அது மாதிரி.”

“அப்பப் பாத்திரம் விக்கிறதே மேல்” என்றார் அத்தா.

அப்படி இருந்தவரே எனக்கு முதல் வேலையையும் பிடித்துக் கொடுத்தார். காந்தலூரில் பூண்டும் பழமரங்களும் வைத்திருக்கும் வேலுச்சாமி மாமா, தோட்டத்துக்கு நடுவே நான்கு அறைகளோடு ஒரு ஹோம்ஸ்டே கட்டியிருந்தார். சமையலறைக்கான அண்டா முதல் டம்ளர் வரை எங்கள் கடையில்தான் எடுத்தார். வெப்சைட்டு வேண்டும் என்று அவர் பேச்சுவாக்கில் சொல்ல, நம்ம பையன் செய்து தருவான் என்று அத்தா வாக்குக் கொடுத்துவிட்டார். கூடவே எனக்கு ஒரு நிபந்தனையும் வைத்தார். திறப்பு விழாவுக்கு அவரும் வருவார். நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நான் மாடியிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மறுநாளே கீழே இறங்கித் தராசுக்கு வந்துவிட வேண்டும்.

தங்கும் விடுதிகளுக்கென்றே செய்த தீம் ஒன்று அகப்பட்டது. அழகு. செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ பனிமலை ஸ்டுடியோ என்கிற பாணியில் ஓர் ஆங்கிலப் பெயர் மட்டும் இருந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், ஏரிக்கரையில் காப்பி குடித்துக்கொண்டே அதை எழுதியிருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தப் பெயர் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் வந்தது எனக்கு உறுத்தியது. அதை எப்படி எடுப்பது என்று அந்தத் தாடிக்காரருக்கு ‘ஹாய் ப்ரோ’ என்று ஆரம்பித்து ஐந்து மெயில் அனுப்பினேன். ஐந்துக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. கடைசிப் பதிலில் சொன்னபடி பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘வடிவமைப்பு: ஜமால்’ என்று போட்டேன்.

பாதி வேலை முடிந்திருந்தபோது வேலுச்சாமி மாமா கடைக்கு வந்தார். அவர் போனிலேயே திறந்து காட்டினேன். தீமோடு வந்த மாதிரிப் படம்தான் அப்போது இருந்தது. முழுக்கப் புல்வெளி, எந்தப் பக்கம் வெட்டினாலும் புல். மாமா படத்தைப் பார்க்கவில்லை. மேல் மூலையில் இருந்த மூன்று கோடுகளையே உற்றுப் பார்த்தார். (மெனு திறக்கிற பொத்தான்தான். போன் திரையில் இடம் போதாது என்று உலகமே அப்படிச் சுருட்டி வைக்கிறது.)

“தம்பி, நான் ஒரு வார்த்தை சொல்லல. நீங்களா நினைச்சுத் திருநீத்துப் பட்டை போட்டுருக்கீங்க. மனசு நெறஞ்சு போச்சு” என்றார்.

அந்த இடத்தில் ஒரு நேர்மையானவன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான், “உங்களுக்காகத்தான் மாமா யோசிச்சுப் போட்டேன்” என்றேன்.

விழாவுக்கு முதல் நாள்தான் முகப்புக்கான குடும்பப் படம் வாட்ஸப்பில் வந்து சேர்ந்தது. மாமா புதுச் சட்டையில் இடது ஓரம். அத்தை பட்டுப் புடவையில் வலது ஓரம். இரண்டு பேருக்கும் நடுவில், ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்திருக்க, அவர்கள் வீட்டுச் செவலைப் பசு. புல்வெளியை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். ‘வணக்கம், நான் வேலுச்சாமி. இந்தப் பச்சைப் புல்வெளிதான் என் உயிர்’ என்று படத்தின் நடுவில் பெரிய எழுத்தில் எழுதினேன். என் பெரிய மானிட்டரில் மூன்று பேரும் கம்பீரமாக நின்றார்கள். போனில் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர்தான் பாத்திரத்துக்குத் தகுந்த மாதிரி நிற்குமே.

மறுநாள் அத்தாவும் நானும் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாகக் காந்தலூர் போய்ச் சேர்ந்தோம். வீட்டு முன்னால் பந்தல். ஐம்பது பேர் இருப்பார்கள். பஞ்சாயத்து மெம்பர் என் லேப்டாப்பில் பொத்தானை அமுக்கி உத்காடனம் செய்தார். (திறப்பு விழாவுக்கு மலையாளத்தில் அதுதான் பெயர்.) பக்கத்தில் வைத்திருந்த டிவியில் மாமாவும் பசுவும் அத்தையும் பளிச்சென்று வந்தார்கள். கைதட்டல். அத்தாவும் தட்டினார். அதோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். மைக்கை வாங்கினேன். உலகத்தில் டிசைன் எந்தத் திசையில் போகிறது என்று பத்து நிமிடம் பேசினேன். இதில் ஒவ்வொரு வரியும் என் கையால் எழுதியது என்றேன். கடைசியில், நீங்கள் எல்லோரும் உங்கள் போனிலேயே பார்க்கலாம் என்று முகவரியையும் சொன்னேன்.

ஐம்பது போன்கள் வெளியே வந்தன. முதலில் மெம்பர் வாயைப் பொத்திக்கொண்டார். பின் வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்து குலுங்கினார். நான் என் போனைத் திறந்தேன்.

போன் திரை ஒடுக்கம். தீம் தன் கடமையைச் செய்திருந்தது. அகலமான படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் திரை நிறையக் காட்டியது. மாமா இல்லை. அத்தை இல்லை. பசு மட்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் நெற்றிக்குக் கீழே, ‘வணக்கம், நான் வேலுச்சாமி. இந்தப் பச்சைப் புல்வெளிதான் என் உயிர்.’

மாமா தன் போனை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, நான் எங்கய்யா?”

மூளை வேலை செய்யாத நேரத்தில் வாய் மட்டும் வேலை செய்வது என் பிறவிக் குணம்.

“நெட்வொர்க் கொஞ்சம் ஸ்லோங்க மாமா. நீங்க இன்னும் லோட் ஆகல.”

ஐம்பது பேரும் நம்பினார்கள். வேலுச்சாமி லோட் ஆவதற்காக மொத்தப் பந்தலும் காத்திருந்தது. சிலர் சிக்னல் தேடிப் பேரிக்காய் மரத்தடிக்குப் போனார்கள். ஒருவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாவும் பொறுமையாகத் தன் வருகைக்காகத் தானே காத்திருந்தார். அத்தா மட்டும் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் மாமாவின் மருமகள் ரேவதி, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். பிரசவத்துக்கு ஏலப்பாறையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தவர், விழாவுக்காக முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். வீட்டிலிருந்தே ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாக மாமா சொல்லியிருந்தார். என்ன வேலை என்று மாமாவுக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை.

ரேவதி என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“அண்ணே, படத்துல எந்த எடம் தெரியணும்னு தொட்டுக் காட்ட ஒரு வசதி வச்சிருந்தேனே. போனுக்குன்னு தனிப் படமே போடலாம். நீங்க பாக்கலையா?”

‘வச்சிருந்தேனே’ என்ற சொல் என் காதுக்குள் போய் இறங்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஏரிக்கரை வெள்ளைக்காரரின் தாடி என் கண்முன்னால் உதிர ஆரம்பித்தது. ரேவதி திரையின் அடிப்பக்கம் வரை தள்ளிப் பார்த்தார். என் பெயர் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

“அஞ்சு மெயில் போட்டது நீங்கதானா?”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது இன்றுவரை எனக்கே தெளிவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அத்தாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

“நம்ம கடையில வாங்குறவன் பேரப் பாத்திரத்துல வெட்டிக் குடுப்போம்டா” என்றார். “அதுக்காகச் செஞ்சவன் முத்திரைய எவனும் தேச்சு எடுக்கமாட்டான்.”

ரேவதி குழந்தையை அத்தாவிடம் கொடுத்தார். மாமாவையும் அத்தையையும் நெருக்கமாக நிற்கவைத்துப் போனிலேயே நெட்டுவாக்கில் ஒரு படம் எடுத்தார். என் லேப்டாப்பை இழுத்துப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சரி செய்தார். அடியில் இருந்த என் பெயரைத் தொடவே இல்லை. திட்டியிருந்தால்கூட அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

“வந்துட்டேன்” என்றார் மாமா போனைப் பார்த்து. பந்தல் முழுக்கக் கைதட்டியது. நான் மைக்கை எடுத்து, இந்தத் தளத்தின் தீமைச் செய்தவர் இந்த வீட்டு மருமகள் ரேவதி, நான் படம் ஒட்டினவன், அதையும் தப்பாக ஒட்டினேன் என்று சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள். மாமாதான் பாவம், அடுத்த ஒரு மணி நேரமும் சாப்பாட்டுப் பந்தியில் வந்தவர்களிடமெல்லாம், “நம்ம மருமக செஞ்சது அமெரிக்காக்காரன் வரைக்கும் வாங்குறான், எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்” என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடவே மறந்துவிட்டார்.

மறுநாள் தராசுக்கு இறங்கினேன். இரண்டு மாதம் எடை போட்டேன். மூன்றாவது மாதம் ரேவதியிடமிருந்து மெயில் வந்தது. ‘ஹாய் ப்ரோ’ என்றுதான் ஆரம்பித்தது. புதிய தீம்களை விற்பனைக்கு விடும் முன் விதவிதமான போன்களில் திறந்து, எங்கே எது வெட்டுப்படுகிறது என்று சொல்ல ஓர் ஆள் தேவை, இந்த விஷயத்தில் உங்களைவிட அனுபவசாலி யாரும் எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார். இப்போது அதுதான் என் தொழில். மாடி அறையில் பதினொரு போன்கள் இருக்கின்றன. மானிட்டரை விற்றுவிட்டேன்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். போட்டோக்காரர் குடும்பத்தை வரிசையாக நிறுத்தினார். அத்தா நேராக வந்து நட்ட நடுவில் நின்றுகொண்டார். மாப்பிள்ளையும் பெண்ணும்தான் நடுவில் நிற்க வேண்டும் என்று போட்டோக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“ஓரத்துல நின்னா போன்ல வரமாட்டோம்” என்றார் அத்தா. “வேணும்னா பையன்கிட்டக் கேட்டுக்கங்க. அவனுக்குத்தான் அது தொழில்.”

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் யார் படம் எடுத்தாலும் நடுவிடத்துக்கு ஒரு தள்ளுமுள்ளு நடக்கிறது. என் மனைவி அந்தக் கல்யாணப் படத்தைத் தன் போனின் முகப்பில் வைத்திருக்கிறாள். யாராவது மாப்பிள்ளையைக் காட்டச் சொன்னால், அத்தாவின் முகம் மட்டும் நிறைந்த அந்தத் திரையை நீட்டி, இன்னும் லோட் ஆகவில்லை என்கிறாள்.