நாலு குடம் தண்ணீர் ஊற்றி வாங்கிய கடன்

கடன் கேட்கப் போகிறவன் பணக்காரனைப் போல இருக்க வேண்டும் என்று நம்பிய அறிவாளிகளில் நானும் ஒருவன். அந்த நம்பிக்கைக்கு என் வீட்டையே காவு கொடுக்கப் பார்த்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆம்பூரில் எங்கள் வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே ஒரு சங்கத்தில் அடமானம். அது போதாதென்று நகைக் கடன், எடுத்துத் தின்ற சீட்டுக்குத் தவணை, தோஸ்த்துகளிடம் கைமாற்று. (என் சம்பளத் தேதி எனக்கு முன்னால் கடன்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.) வேலூரில் ஒரு வங்கி பத்திரத்தை மீட்டுத் தன்னிடம் வைத்துக்கொண்டு, எல்லாக் கடனையும் ஒன்றாக்கி, ரிப்பேருக்கும் பணம் தருவதாகச் சொன்னது. ரிப்பேர்தான் அவசரம். மகள் ஜெனி படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே தளம் ஒழுகி, காரை உதிர்ந்துகொண்டிருந்தது.

வீட்டை மதிப்பிட இன்ஜினியர் வருகிறார் என்றதும் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. தோல் பேக்டரியில் நான் பினிஷிங் சூப்பர்வைசர். தோலில் உண்ணி கடித்த தழும்போ முள் கீறலோ, எதுவானாலும் பூசி, ஸ்ப்ரே அடித்து, வாங்குகிறவன் கண்ணில் படாமல் செய்வதுதான் என் உத்தியோகம். வீட்டை மட்டும் விடுவேனா? தளத்தின் விரிசலில் வெள்ளை சிமெண்ட்டையும் பசையையும் குழைத்துத் திணித்து, தேய்த்து, மூன்று கோட்டிங் அடித்தேன்.

“ஒழுகுற இடத்தக் காட்டித்தானே ரிப்பேருக்குக் கேக்கணும்? மூடி வெச்சா எப்டிங்க?” என்றாள் மனைவி ஸ்டெல்லா.

“உனக்கு இன்னா தெரியும்? வீடு பளபளன்னு இருந்தாதான் ஜாஸ்தி குடுப்பாங்க.”

இன்ஜினியர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். “சூப்பரா வெச்சிருக்கீங்க சார்” என்று என் தோளைத் தட்டினார். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. பழைய கடன்களை அடைக்கப் பணம் உண்டு. வீடு நல்ல நிலையில் இருப்பதால் ரிப்பேருக்குக் கிடையாது.

ஸ்டெல்லா அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் செருகினாள்.

வேலூருக்கு ஓடி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி இன்ஜினியரை மறுபடி அழைத்துவந்தேன். அவரைக் கட்டிலருகே நிறுத்திவிட்டு, மொட்டைமாடியில் ஏறி ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன்.

“ஒண்ணும் காணோமே!” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

இரண்டாவது குடம். மூன்றாவது குடம். சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. (என் வேலை இவ்வளவு சுத்தம் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தால் இன்க்ரிமெண்ட்டாவது போட்டிருப்பார்.)

“சார், பஸ்ஸுக்கு நேரமாவுது!”

நான்காவதைக் கவிழ்த்தேன். தொப்பென்று ஒரு சத்தம். கூடவே, “ஐயோ!”

விழுந்தடித்து இறங்கினேன். இன்ஜினியர் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நின்றார். கையிலிருந்த பைல் சொட்டிக்கொண்டிருந்தது. முறம் அகலத்துக்கு ஒரு காரை ஜெனியின் தலையணை மேல் கிடந்தது. நல்லவேளை, அவள் ஸ்கூலில் இருந்தாள். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

ஸ்டெல்லா கொடுத்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, “ரிப்பேர் அவசியம்னு எழுதிடறேன் சார். தயவு பண்ணி இனிமே எதையும் பூசாதீங்க” என்றார் இன்ஜினியர்.

பணம் வந்தது. புதுத் தளம் போட்டோம். மாதம் ஒரே தவணை என்றானதும், மழை நாளில்கூட நிம்மதியாகத் தூங்கினோம். வருடங்கள் ஓடி, கடனும் அடைந்து, பத்திரமும் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

போன மாதம் நெஞ்சு லேசாக வலிக்கிறதென்று டாக்டரிடம் போனோம். அவர் முகத்தைப் பார்த்ததும், “ஒரு குறையும் இல்ல டாக்டர், ஜம்முனு இருக்கேன்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“நம்பாதீங்க டாக்டர்” என்றாள் ஸ்டெல்லா. “நாலு குடம் தண்ணி ஊத்திப் பாத்துட்டு எழுதுங்க.”