ஆறு கையெழுத்துத் திட்டம்

ராணுவ வயர்லெஸ்ஸில் பேசினால் தீயணைப்பு வண்டியில் கேட்காது. தீயணைப்பு வயர்லெஸ்ஸில் பேசினால் தாலுகா ஆபீசில் கேட்காது. இது புருஷோத்தமனுக்குத் தெரியவந்தபோது காலை மணி ஒன்பதரை.

அவர் ஒரகடத்தில் கார் ஹாரன் செய்யும் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. அன்று ராணுவமும் அரசுத் துறைகளும் சேர்ந்து அங்கே விபத்து ஒத்திகை. பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் சங்கு ஊதும். யார் யாருக்குத் தகவல் சொல்வது என்ற திட்டம் இவர் தலையில். போன வருஷ ஒத்திகை சொதப்பியதில், "இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்கோங்க" என்று ஜி.எம். சொல்லியிருந்தார்.

வாட்ஸப் குழு தொடங்கினார். கால் மணி நேரத்தில் நூற்றெழுபது குட்மார்னிங் வந்தன, பாதி ரோஜாப்பூவோடு.

"டியூட்டில எங்க ஆளுங்க வாட்ஸப் தொடக்கூடாது சார்," என்றார் ராணுவத்திலிருந்து வந்திருந்த கேப்டன் நம்பிராஜன்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா சார்?"

"நீங்க கேக்கலயே."

சரி, துறைக்கு ஒருவர் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம் என்று, கேப்டனையும் தன்னையும் சேர்த்து ஆறு பேரைக் கூட்டினார். பக்கத்து அறையில் ஹாரன் சோதனை நடந்துகொண்டிருந்தது.

"இன்னா சொன்னீங்க?" என்று தீயணைப்பு அதிகாரி கோதண்டராமன் நான்காம் முறையாகக் கேட்டார்.

புருஷோத்தமனுக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லோரையும் காலியாக இருந்த, வெளிச்சத்தம் புகாத இன்னொரு சோதனை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"இங்க டவரே இல்ல சார்," என்றார் தாலுகா ஆபீஸ் அமலா.

"நல்லதாப் போச்சு மேடம். தொந்தரவு இல்லாம முடிச்சிடலாம்."

முதல் தகவல் தாசில்தாருக்கா, கர்னலுக்கா என்று ஒரு சண்டை. திட்ட வரைபடத்தில் தீயணைப்புக்கு மட்டும் ஏன் சின்னக் கட்டம் என்று கோதண்டராமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதைப் பெரிதாக்கினால் போலீசுக்கு இடமில்லை. ஒருவழியாக ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்தத் தடவை வேலை பிழைத்தது என்று புருஷோத்தமன் கதவைத் திறந்தார். உற்பத்தி லைன் நின்றிருந்தது. செக்யூரிட்டி உச்சிமாகாளியைத் தவிர ஒருவரையும் காணோம்.

"எல்லாரும் எங்கப்பா?"

"ஒத்திகை முடிஞ்சு சாப்பிடப் போயிட்டாவ சார். ரெண்டாயிரம் பேரும் பத்தே நிமிசத்துல பத்திரமா வெளிய வந்துட்டாவ. உள்ள மாட்டிச் செத்துப்போனதா உங்க ஆறு பேர மட்டுந்தான் கேப்டன் சாரோட ஆளுவ எழுதிட்டுப் போயிருக்காவ."