கண்டக்டர் கண்ட குறைகள்

தேரடிப் பக்கம் இருந்த பழைய காய்கறி மார்க்கெட்டை இடித்த அன்றைக்கு, ரிட்டயர்டு கண்டக்டர் சக்கரவர்த்தி நடுரோட்டில் நின்று ஒரு சபதம் போட்டார். அதுவும் எப்படி? கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் நின்று கத்தினால் டிரைவருக்குத் தூக்கிப்போடுமே, அந்தக் குரலில்.

"எழுதி வெச்சுக்கங்க! புது மார்க்கெட்டுன்னு ஒண்ணு வரவே வராது. வந்தாலும் ஒரு ஈ காக்கா உள்ள போவாது. அதுல நான் காலை வெச்சேன்னா என் பேரு சக்கரவர்த்தி இல்ல!"

பக்கத்தில் பையோடு நின்ற அவர் சம்சாரம் வெள்ளையம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "வேற என்ன பேரு வெச்சுக்கறதுன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மனுஷனுக்கு ரோஷம் ஏறிவிட்டது. அவருக்கு ஏறின ரோஷம் லேசில் எந்த ஸ்டாப்பிலும் இறங்காது.

நகராட்சி மாநகராட்சி ஆனபோதே, "முன்னாடி ஒரு 'மா' ஜாஸ்தி ஆச்சு, வேற என்னய்யா ஆச்சு?" என்று கேட்டவர் அவர். எங்கே அடிக்கல் நாட்டினாலும் போய் நின்று, "இந்தக் கல்லோட சரி" என்று ஜோசியம் சொல்லுவார். இந்த முறை ஜோசியம் பொய்த்துப்போச்சு. மார்க்கெட் வந்தேவிட்டது. கீழே டைல்ஸ், மேலே ஃபேன், கடைக்குக் கடை டியூப்லைட். ஈ வந்தது, காக்கா வந்தது, ஊரே வந்தது. வராதவர் இவர் ஒருத்தர்தான்.

அந்த ஒருத்தர் பட்ட பாடு இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! வேலையில் இருந்தவரைக்கும் தினம் ஆயிரம் பேரோடு வாயாடினவர். ரிட்டயர் ஆனபிறகு மார்க்கெட்தான் அவருக்கு பஸ். வாழையிலைக் கடை அப்பாதுரை ஒரு கூடையைக் கவிழ்த்துப் போடுவான். அதன்மேல் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை ஊர்க்கதை. இப்போது அந்தக் கூட்டாளிகள் எல்லாரும் புது மார்க்கெட்டில். மகன் ஓசூரில், மகள் சென்னையில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றின ஜனம் அவர் வாசல் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகும். அத்தனை முகத்தில் ஒன்றுகூட நின்று "என்ன கண்டக்டரே?" என்று கேட்காது. மற்ற நாளில் அந்த ஜனமும் கிடையாது. வீட்டில் ஃபேன் சுத்துகிற சத்தம்தான்.

மத்தியானமானால் மாநகராட்சிப் புகார் நம்பருக்குப் போன் போடுவார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று பதிவு செய்த பெண்குரல் சொல்லும்.

"நீயாவது சொல்றியேம்மா. சாப்ட்டியா?" என்பார் இவர்.

அடுப்படியில் இருந்த வெள்ளையம்மாள் காதில் இது விழுந்தது. மறுநாள் காய் வாங்கிக்கொண்டு வந்தவள், பையைக் கீழே வைக்கிறபோதே ஆரம்பித்தாள்.

"ஏங்க, புது மார்க்கெட்டுல கால்வா அடைச்சிக்கினு தண்ணி நிக்குது."

கண்டக்டர் துள்ளி எழுந்தார். "சொன்னேனா இல்லியா!"

"சொன்னீங்க. போய்க் கேக்கத்தான் அங்க ஒரு நாதி இல்ல."

"நான் போய்க் கேக்கறேன்!"

"சபதம் போட்டிருக்கீங்களே?"

"அடியே, காய் வாங்கப் போனாத்தான் தப்பு. கேள்வி கேக்கப் போனா அது கடமை!"

"அப்பிடியா? எனக்கு எங்க தெரியுது இதெல்லாம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். கால்வாயில் ஒரு வாழைத்தண்டு குறுக்கே கிடந்தது. அதைக் காட்டிக் காட்டி ஒரு மணி நேரம் கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. "கண்டக்டர் வந்துட்டாருடோய்!" என்று அப்பாதுரை கூடையைக் கவிழ்த்துப் போட்டு டீ சொன்னான். மனுஷன் வீடு திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் கால்வாய் சுத்தமாகிவிட்டது.

"நாலு சத்தம் போட்டேன், அரண்டுட்டானுங்க!" என்றார் பெண்டாட்டியிடம்.

"உங்க குரலுக்கு யாருதான் பயப்படல" என்றாள் அவள்.

அடுத்த நாள் குழாய் ஒழுகியது. அதற்கடுத்த நாள் ஃபேன் ஓடவில்லை. அப்புறம் ஒரு கேட்டு மூட வரவில்லை. தினம் ஒரு குறை, தினம் ஒரு டீ. கண்டக்டர் முகத்தில் களை வந்துவிட்டது. புகார் நம்பரையே மறந்துபோனார்.

சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? இல்லை. எவன் வேலை செய்யாமல் ஏமாற்றுகிறானோ அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்று, வெள்ளையம்மாள் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், கடைக்காரர்கள் கண்ணயர்கிற நேரமாகப் பார்த்து மார்க்கெட்டுக்குப் போனார். போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார்.

அங்கே அப்பாதுரை ஸ்டூல்மேல் ஏறி டியூப்லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது, சாட்சாத் வெள்ளையம்மாள்.

"மெதுவா தம்பி, உடைச்சிடப் போற. அவரு வந்து கத்திட்டுப் போனதும் திருப்பி மாட்டணும்."

"நல்லா இருக்கிற கட்டடத்துல தினம் ஒரு குறைக்கு நான் எங்கக்கா போறது? வாங்க கண்டக்டரேன்னு கூப்ட்டா வரமாட்டாரா?"

"வரமாட்டாரு. ஊர் கேக்க வாயை விட்டுட்டாரே. வீட்டுல போன்ல பேசற மெஷினைப் போய் சாப்ட்டியான்னு கேக்கறாருப்பா. எனக்கு வயிறு எரியுது. நான் ஒருத்தி எவ்ளோதான் பேசுவேன் சொல்லு? அவருக்கு நாலு பேரு வேணும்."

கண்டக்டருக்கு முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். கத்தினால் மானம் போகும், அது போனால் போகட்டும். நாளையிலிருந்து கூடையும் டீயும் போய்விடுமே! மறுபடியும் அந்த வெறும் வீடும் போனும்தானே? நினைக்கவே பயமாக இருந்தது. பூனை மாதிரி திரும்பி நடந்தார்.

வீடு வந்து சேர்வதற்குள் மனசு தேறிவிட்டது. அட, இனிமேல் ஏமாறுகிற மாதிரி நடிக்கப்போவது நான்தானே? கல்யாணம் ஆனதிலிருந்து அவளுக்குத் தெரியாத ஒரு விஷயம் இன்றைக்குத்தான் நம் கையில் சிக்கியிருக்கிறது! மீசையைத் தடவிக்கொண்டார்.

சாயங்காலம் வெள்ளையம்மாள் வந்தாள். "ஏங்க, மார்க்கெட்டுல லைட்டு எரியலியாம்."

"அப்பிடியா! அநியாயமா இருக்குதே! இதைக் கேக்காம விடமாட்டேன்!" என்று பிரமாதமாக ஒரு குதி குதித்துச் சட்டையை எடுத்து மாட்டினார்.

அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டபடியே வெள்ளையம்மாள் சொன்னாள்: "நல்லா கேளுங்க. ஆனா மத்தியானம் தூணுக்குப் பின்னால சும்மாதானே நின்னீங்க? வந்து ஸ்டூலை ஒரு கை பிடிச்சிருக்கலாம் இல்ல?"