செவுளு அண்ணன் வளர்த்த மீன் வம்சம்

செவுளு அண்ணனைப்போல மீனின் கன்னத்தை விலக்கிப் பார்த்த மனிதர் இந்தப் பூமியில் இன்னொருவர் பிறக்கவில்லை. போடியில் சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பு வந்தால் சோற்றில் கை வைக்க மாட்டார். மீன் தலையை வெளிச்சத்தில் தூக்கி, செவுளை விரித்துப் பார்ப்பார்.

“இது எந்தத் தண்ணி மீனு?”

“தின்னுட்டு எந்திரிங்கண்ணே. பொண்ணா கட்டிக் குடுக்கப் போறீக?” என்பார் கடைக்காரர்.

எழுபதுகளின் கடைசியில், குரங்கணிக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் மூட்டை தூக்கினேன். என் அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு அப்போது அங்கேதான் சோறு கிடைத்தது. சாக்கின் மேல் படுக்கை, அட்டைக்கடி இலவசம். அண்ணன் அங்கே காப்பிப்பழத் தோல் உரிக்கும் மிஷின் ஓட்டினார். தோலும் கழுவிய தண்ணீரும் ஓடையில் விழுந்து, கீழே குட்டையில் தேங்கி நாறும். அந்தக் குட்டையில்தான் கூலிக்காரர்கள் குடிதண்ணீர் மொண்டார்கள். பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, சொறி.

புகார் சொன்னவர்களுக்கு மேனேஜர் குட்டையைக் காட்டினார். “மீன் துள்ளுது பாருங்கய்யா. மீன் வாழுற தண்ணி மனுஷனுக்கு ஆகாதா?”

என்ன அநியாயம்! நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. அண்ணனுக்கு அன்றே எரிந்தது. மேனேஜரை உதைக்க முடியாமல் மிஷினை உதைத்தார். இரண்டு நாள் நொண்டினார்.

அந்தக் குட்டை மீன்களில் சிலவற்றை அவர் முன்பே போடிக்குக் கொண்டுபோய், வீட்டுத் தொட்டியில் நல்ல தண்ணீரில் விட்டு, பேரன் பேத்தி வரைக்கும் வளர்த்திருந்தார். “நான் காச்சல்ல கெடந்தா எட்டிப் பாக்காத மனுசன், அதுகளுக்கு வெரசா தண்ணி மாத்துறாரு!” என்று மதினி என்னிடம் மூக்கைச் சிந்தியது.

ஒருநாள் புகாரை விசாரிக்க மதுரையிலிருந்து அதிகாரி வந்தார். மேனேஜர் வழக்கம்போல மீனைக் காட்டினார். அண்ணன் மூன்று மிட்டாய் பாட்டில்களோடு குறுக்கே வந்து நின்றார். மூன்றிலும் அதே குட்டைத் தண்ணீர். ஒன்றில் மிஷினுக்கு மேலே ஓடையில் பிடித்த மீன்கள். அடுத்ததில் குட்டை மீன்கள். கடைசியில் போடித் தொட்டிப் பேரப்பிள்ளைகள்.

“தோலு அழுகுறப்ப தண்ணியில உள்ள காத்தைத் தின்னுபுடும் சார். இப்பப் பாருங்க.”

மேலோடை மீன்கள் வாயை நீட்டித் தவித்தன. மற்ற இரண்டிலும் மீன்கள் கும்மாளம் போட்டன.

“குட்டைத் தண்ணி அதுகளுக்குப் பழகிப்போச்சு. அவ்வளவுதான்,” என்றார் மேனேஜர்.

அண்ணன் கடைசிப் பாட்டிலைத் தட்டினார். “இதுக்கு ஏதுய்யா பழக்கம்? இந்தத் தண்ணியை இது இன்னைக்குத்தான் பாக்குது! வருசா வருசம் செத்தது போக, தாக்குப் பிடிச்சது மட்டும் பெத்த வம்சம். ரத்தத்துல இருக்கு. மனுசனும் அப்படி மிஞ்சணும்னா எத்தனை பிள்ளையைச் சாகக் குடுக்கணும்? சொல்லுய்யா!”

அதிகாரி முதல் பாட்டிலை உற்றுப் பார்த்தார். “இன்னும் ஒண்ணும் சாகலையேப்பா?”

“சாகணுமா சார்?”

அவ்வளவுதான். தன் கட்சிக்கு இருந்த ஒரே சாட்சியான அந்த முதல் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணன் மேலோடைக்கு ஓடினார். “நிரூபிச்சது போதும்!” என்று கத்திக்கொண்டே மீன்களைத் தெளிந்த தண்ணீரில் விட்டார். பின்னால் மூச்சிரைக்க ஏறிய அதிகாரி, மிதந்த மீன்கள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்து நீந்துவதைப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினார். அந்த மாதமே மேலோடையிலிருந்து வீடுகளுக்குக் குழாய் வந்தது.

அண்ணனுக்கு அதிகாரி வந்த அன்று சாயங்காலமே சீட்டுக் கிழிந்தது. பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். நானும் ஏறினேன்.

“நீ ஏண்டா ஏறுற? உனக்குத்தான் சோலி இருக்குல்ல?”

“கொண்டாங்கண்ணே,” என்று பாட்டிலை வாங்கிக்கொண்டேன். போடி வரைக்கும் ஒரு சொட்டுகூடச் சிந்தவிடவில்லை.