மஞ்சள் தண்ணீர்த் தலைவர்

தலைவர்களில் பல ரகம் உண்டு. மாலை விழும்போது மட்டும் குனிகிறவர் ஒரு ரகம். கையெழுத்துப் போடும் முன் மச்சானுக்குப் போன் போடுகிறவர் ஒரு ரகம். இவர்களெல்லாம் நமக்குப் பழகிப்போனவர்கள்; ஆபத்து குறைவு. நான் உங்களுக்கு இப்போது அறிமுகப்படுத்தப் போவது புது ரகம். பெயர், 'மக்களின் நேரடித் தலைவர்'.

இவரை எப்படி அடையாளம் காண்பது? நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, தள்ளியதை எல்லோரும் பார்த்தார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் உங்க ஊட்டுப் பிள்ளைங்க" என்று ஆரம்பிப்பார். 'விதிமுறை' என்று யாராவது சொன்னால் காதில் எறும்பு புகுந்தவர்போல முகத்தைச் சுளிப்பார். "எனக்கும் மக்களுக்கும் நடுவுல ஒரு காயிதம்கூட இருக்கப்படாது" என்பார். ஓட்டுச் சீட்டு? அது அவருக்குக் காகிதமாகத் தெரிவதில்லை.

சேந்தமங்கலத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவே மொட்டக்கரட்டூர் என்று ஓர் ஊராட்சி. சென்ற தேர்தலில் அங்கே தலைவரானவர் தண்டாயுதபாணி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். நல்ல மனிதர், பசி என்று வந்தவனைச் சும்மா அனுப்பமாட்டார். அவர் சொன்ன தேர்தல் வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான். "ஆபீசுக்கு எதுக்குப் போறீங்க? எனக்குப் போன் போடுங்க!" ஜனங்கள் அள்ளிப் போட்டார்கள் ஓட்டை.

பதவியேற்ற அன்று காலை அவர் பட்டறையிலிருந்து ஒரு ஸ்பேனரோடு வந்து, ஊராட்சி அலுவலகத்தின் கதவைத் தம் கையாலேயே கழற்றினார். இருபது வருடமாக அங்கே செயலராக இருக்கும் முருகானந்தம் பதறிப்போனார்.

"ஏனுங்க தலைவரே, உள்ள ரிஜிஸ்டரெல்லாம் இருக்குதுங்க."

"மக்களுக்கும் ரிஜிஸ்டருக்கும் நடுவுல கதவு எதுக்குங்க?"

கைதட்டல். அந்தக் கதவு தினமும் பத்து மணிக்குத் திறந்து ஐந்தே முக்காலுக்குத்தான் மூடும் என்பதையோ, இதுவரை யாரும் அதற்கு வெளியே நின்று அழுததில்லை என்பதையோ அந்த நேரத்தில் எவரும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் கதவில்லாத வாசல் வழியாக நான்கு வெள்ளாடுகள் உள்ளே போயின. தெருவிளக்குப் புகாரில் தொடங்கி, சாக்கடைப் புகார், பட்டா புகார் என்று வரிசை தவறாமல் புகார்ப் புத்தகத்தை மென்று முடித்தன. நான்காம் நாள் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் பேனர்: 'புகாரே இல்லாத ஊராட்சி'.

அடுத்தது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. 'கடைசியாகச் சுத்தம் செய்த நாள், அடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நாள்' என்று அதில் இரண்டு வரி எழுதியிருக்கும். "இது மக்களை மிரட்டற மாதிரி இருக்குது" என்று சொல்லி, அதன்மேல் தம் சிரித்த முகத்தை வரையச் சொன்னார். வரைந்தவர் பட்டறையில் லாரிக்குப் படம் எழுதுகிறவர். முகம் அருமையாக வந்தது. தலைவருக்கு இரண்டு பக்கமும் மயில். அடியில், பழக்க தோஷத்தில், 'ஒலி எழுப்பவும்'.

இதுவரை சிரிக்கலாம். தொட்டிக்குள்ளே இருந்த தண்ணீர் விஷயம் அப்படியில்லை.

தொட்டிக்கு மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, பிளீச்சிங் பவுடர் கலப்பது எல்லாம் பொன்னாயி என்ற பெண்ணின் வேலை. ஒன்பது வருடமாக ஒருநாள் தவறாமல் கலந்து, கலந்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். பிளீச்சிங் வாசனை யாருக்குப் பிடிக்கும்? குடியரசு தினத்தன்று நடந்த கிராம சபையில் யாரோ ஒருவர் எழுந்து, "தண்ணி நாத்தமடிக்குதுங்க, காப்பி நல்லால்ல" என்றார். தலைவர் கண்ணில் நீர் தளும்பியது.

"காப்பிகூட மக்களுக்கு நிம்மதியா கிடைக்கலியா! இப்பவே முடிவு பண்ணிருவோம். மருந்து வேண்டாங்கறவங்க கை தூக்குங்க!"

முருகானந்தம் மெல்ல எழுந்தார். "தலைவரே, அது கை தூக்கி முடிவு பண்ற சமாச்சாரமில்லைங்களே…"

"அப்ப மக்களுக்கு அறிவில்லைங்கறீங்களா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தச் செயலராலும் பதில் சொல்ல முடியாது. அவர் உட்கார்ந்துவிட்டார். பொன்னாயி உட்காரவில்லை.

"சாக்கடையோரத்துல பைப்பு கசியுதுங்க தலைவரே. மருந்து போடாட்டி எல்லாத்துக்கும் வவுத்தால போவுமுங்க. எம்பட புள்ள ஊட்டுல ஏழு மாச வவுறோட இருக்குதுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"பயப்படாதம்மா. நானிருக்கேன்."

தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர் ஒருவர். அன்று மாலை பொன்னாயி பிளீச்சிங் மூட்டையின் வாயைக் கட்டி, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பத்து நாளில் சுகாதார ஆய்வாளர் ரஞ்சனி சோதனைக்கு வந்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, நாலு சொட்டு மருந்து விட்டார்.

"குளோரின் இருந்தா மஞ்சக் கலர் வரணுங்க சார். வரவேயில்லை."

"மஞ்சக் கலர்தான வேணும்?" என்றார் தலைவர்.

மறுநாள் காலை, நாமகிரிப்பேட்டையிலிருந்து வாங்கிவந்த ஒரு மூட்டை மஞ்சள்தூள் மேளதாளத்தோடு தொட்டியின் உச்சிக்கு ஏறியது. தலைவரே கவிழ்த்தார். அன்றைக்கு ஊரில் துவைத்த வேட்டியெல்லாம் கோயில் நேர்த்திக்கடன் வேட்டியாகக் காய்ந்தது. சோறு மஞ்சள், காப்பி மஞ்சள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பற்கள் மஞ்சள். ரஞ்சனியைத் திரும்ப வரவழைத்தார்கள்.

"சார், நான் மருந்து ஊத்தறதுக்கு முன்னாடியே மஞ்சளா இருக்குதுங்களே!"

"பார்த்தீங்களா? உங்க மருந்தைவிட நம்ம தண்ணி வேகம்."

ரஞ்சனி இரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். தலைவர் அதைப் பஸ் ஸ்டாப்பில் சத்தமாகப் படித்துக் காட்டி, ஓட்டுக்கு விட்டார். அறிக்கை தோற்றது. அறிக்கையை வென்ற மகிழ்ச்சியில் தலைவர் தொட்டித் தண்ணீரை ஒரு சொம்பு பிடித்து, அத்தனை பேர் முன்னிலையிலும் மடக்மடக்கென்று குடித்தார். அவர் வீட்டில் பத்து வருடமாகக் கேன் தண்ணீர்தான் என்பது அவர் மனைவி ராஜம்மாளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அவர் வயிற்றுக்கும் தெரியும்.

வயிறுதான் முதலில் பேசியது. அடுத்த நாள் விடிந்ததும் தலைவர் படுத்தார். பிறகு கீழத்தெரு படுத்தது. மதியத்துக்குள் அறுபது பேர். 108 வண்டி மூன்று நடை வந்து போனது. இரண்டாவது நடையில் பொன்னாயியின் மகள் மஞ்சுளா, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு வறண்டு ஏறினாள்.

வண்டி கிளம்பியதும் பொன்னாயி நேரே தொட்டிக்குப் போனாள். முருகானந்தம் பின்னாலேயே ஓடினார்.

"பொன்னாயி, தலைவர் உத்தரவில்லாம ஒண்ணும் பண்ணாதம்மா. கிராம சபைத் தீர்மானம் இருக்குது."

"தீர்மானத்தை ஆஸ்பத்திரில போயி எம்பட புள்ளகிட்டப் படிச்சுக் காட்டுங்க."

வால்வை அடைத்தாள். தொட்டித் தண்ணீரை முழுக்க வெளியே திறந்துவிட்டு, உள்ளே இறங்கி, மஞ்சள் படிந்த சுவரைத் தென்னை விளக்குமாறால் தேய்த்துக் கழுவினாள். தேய்க்கும்போது அழுதாள் என்று சொல்வார்கள். ஏணியடியில் நின்ற முருகானந்தத்துக்குத் தேய்க்கும் சத்தம்தான் கேட்டது. அவர் பெட்டிக்கடையில் ஒரு புது நோட்டு வாங்கி, 'மதியம் 2.40. வால்வு அடைக்கப்பட்டது. தொட்டி கழுவப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபது வருடத்தில் மேலே இருந்து யாரும் சொல்லாமல் அவர் எழுதிய முதல் வரி அது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் ட்ரிப்ஸ் ஏற்றச் சொன்னார். முதல் கட்டிலில் தலைவர். அந்த நிலைமையிலும் அவருக்குக் கொள்கை மறக்கவில்லை.

"டாக்டர், நீங்க மட்டும் முடிவு பண்ணினா எப்பிடிங்க? எல்லாத்தையும் கேப்போம். ட்ரிப்ஸ் வேணுங்கறவங்க…"

அவர் முடிக்கவில்லை, வார்டு முழுக்கப் பழக்கத்தில் கைகள் மேலே போயின. நர்ஸ் அலறினார். "ஐயோ, கையை இறக்குங்க! ஊசி கழண்டுக்கும்!"

ஐந்தாம் நாளுக்குள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். மஞ்சுளா மட்டும் எட்டாம் நாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோதுதான் பொன்னாயி அந்த வாரத்தில் முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஜீப் வந்தது. பைப்பைச் சரிசெய்து, தினமும் மருந்து கலக்க வேண்டுமென்று உத்தரவும் வந்தது.

தலைவர் பதவி போயிருக்குமே என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த ரகத்தைப் பற்றி இன்னும் தெரியவில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கூட்டம் போட்டார்.

"எந்த ஊர்த் தலைவராவது மக்களோட சேர்ந்து பேதியானதுண்டா? நான் ஆனேன்! உங்க கஷ்டம் எம்பட கஷ்டம்!"

விசில் பறந்தது. ஒருவர் மாலையே போட்டார். தலைவர் குரலைத் தாழ்த்தி, "இப்ப உங்களக் கேக்கறேன், தண்ணியில மருந்து போடலாமுங்களா?" என்றார்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து பொன்னாயியின் குரல் வந்தது. "நான் காலையிலயே போட்டுட்டேனுங்க."

தலைவர் ஒரு விநாடி திகைத்தார். ஒரே விநாடிதான்.

"பார்த்தீங்களா! நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே வேலை நடக்குது நம்ம ஊருல!"

கைதட்டல் அடங்குவதற்குள் பொன்னாயி கிளம்பிவிட்டாள். மோட்டார் நிறுத்தும் நேரம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'மொட்டக்கரட்டூர்க்காரர்கள் இப்படியா இருப்பார்கள்' என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். போன மாதம் ரேஷன் கடையிலோ தாலுகா ஆபீசிலோ நாற்பத்தேழாம் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் நிற்கிற நாற்பத்தாறு பேரையும் திட்டிக்கொண்டு நின்றீர்களே, அப்போது உள்ளேயிருந்து தெரிந்தவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "நீங்க வாங்க சார்" என்றாரே, என்ன செய்தீர்கள்? டோக்கன் முறை என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி நின்றீர்களா? இல்லை, டோக்கனைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பின்னால் நிற்பவர்களைப் பார்க்காமல், விறுவிறுவென்று உள்ளே போனீர்களா?

போனீர்கள் என்றால் வாழ்த்துகள், தலைவரே. தேர்தல்தான் இன்னும் வரவில்லை.